பால் பொங்கியது எந்த நாட்டில்?

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வன அலுவலகம் ஒரு புதுமை செய்திருக்கிறது. இனிமேல் எவரும் காட்டுக்குள் சுதந்திரமாக இரவு தங்கலாமாம். அதற்கு முதலில் இணையத்தில் பதிய வேண்டும். பதிந்தால் ஒரு மரமேடையின் இலக்கம் வரும். அந்த மேடையின் மேல் மட்டும் கூடாரம் போடலாம். ஓர் இரவுக்கு மேல் தங்கக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது, நாயை அவிழ்த்துவிடக்கூடாது. இந்தச் சுதந்திரத்துக்குக் கோடை முழுவதும் இடம் நிரம்பிவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

இதை எனக்குச் சொன்னவள் லேனா. என்னிடம் வேலை பழகியவள். இப்போது என் இடத்தில் அவள்தான் காட்டைச் சுற்றுகிறாள். "மேடை இல்லாத காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள், ஹெர் சிவா? செய்திமடலுக்கு எழுதித் தாருங்கள்" என்றாள். ஹெர் என்றால் திரு. ஜேர்மன் மொழியில் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் எழுத முடியாததை இங்கே தமிழில் எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆகவே பயமில்லை.

ஜேர்மனிக்கு அகதியாக வந்து, உணவகமொன்றில் கோப்பை கழுவி, கை வெளுத்துப் போனபோது, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த அம்மையார் "உங்களுக்கு வெளிக்காற்றில் வேலை செய்ய விருப்பமா?" என்று கேட்டார். ஓம் என்றேன். பெரும்பாலும் கட்டட வேலை என்று நினைத்துத்தான் சொன்னேன். காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று வருட அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி. மரத்தை எப்படிச் சாய்ப்பது, சாயும் மரத்துக்கு எந்தப் பக்கம் நிற்கக்கூடாது என்பதைப் படித்தேன். பிறகு முதுகு பழுதாகி, மரம் அறுக்கும் வாளைப் பிடிக்க ஏலாமல் போனதும், காடு காவல் பிரிவுக்கு மாற்றினார்கள். பச்சைச் சட்டை, ஒரு ஜீப், ஒரு வாளி, ஒரு மண்வெட்டி. சட்டம் மீறிக் கூடாரம் அடிப்பவர்களையும் நெருப்பு மூட்டுபவர்களையும் பிடிப்பதே வேலை. ஓய்வு பெறும்வரை அதுதான்.

என் மேலதிகாரி ஹெர் புரூக்னர். ஆறடிக்கு மேல் உயரம். அவருக்குக் கோபம் வந்தால் குரல் தாழும். மிகவும் கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார். வேட்டைக்காரர்கள் கத்தி தொங்கவிடும் இடத்தில், இடுப்பில், தோல் உறைக்குள் ஓர் அளவு நாடா வைத்திருந்தார். சட்டம் மீறியவரைக் கண்டால் முதலில் மாலை வணக்கம், பிறகு தன் பெயர், பிறகு பதவி, அதன் பிறகுதான் அந்த ஆள் மீறிய பிரிவின் இலக்கம். 'கூடாது' என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. "இங்கே இதற்கு ஏற்பாடு இல்லை" என்பார். அதைக் கேட்டவர்கள் திட்டு வாங்கியவர்களைவிட வேகமாகக் கூடாரத்தைச் சுருட்டினார்கள்.

எதைச் சொன்னாலும் அவரிடமிருந்து திரும்பி வரும் கேள்வி ஒன்றுதான். "வோ ஷ்டேட் தஸ்?" அது எங்கே எழுதியிருக்கிறது? பின்னேரம் மழை வரும்போல இருக்கிறது என்று ஒருநாள் சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அதற்கும் அதே கேள்வி. நான் வானத்தைக் காட்டினேன். அவர் கைத்தொலைபேசியில் வானிலை அறிக்கையைப் பார்த்தார். அதில் மழை இல்லை. இரண்டு பேரும் நனைந்தோம். ஜீப்புக்குள் ஏறித் தொப்பியைப் பிழிந்துகொண்டே, "அறிக்கைப்படி நாம் நனையவில்லை" என்றார். அவர் பகிடி விட்டு நான் கேட்டது அது ஒன்றுதான். அது பகிடிதானா என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

குடைக்காரர் கதையைச் சொல்லாவிட்டால் ஹெர் புரூக்னரை உங்களுக்கு விளங்காது. காட்டில் கூடாரம் போடக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. படுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு ஒரு வழக்கறிஞர் பெரிய குடையொன்றை நிலத்தில் ஊன்றி, அதன் கீழே உறங்குபையோடு கிடந்தார். குடை கூடாரமா இல்லையா? எனக்குத் தெரியவில்லை. ஹெர் புரூக்னரை அழைத்தேன். அவர் வந்து குடையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். "நிலத்தில் ஊன்றினால் கூடாரம். கையில் பிடித்தால் குடை" என்று தீர்ப்புச் சொன்னார். வழக்கறிஞர் உடனே குடையைப் பிடுங்கிக் கையில் பிடித்தார். ஹெர் புரூக்னர் அவருக்கு இரவு வணக்கம் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்த்தோம். மனிதர் மரத்தில் சாய்ந்து, கண் சிவந்து, இன்னும் குடையைப் பிடித்தபடி இருந்தார். ஹெர் புரூக்னர் தொப்பியைத் தொட்டு வணங்கினார். "ஒழுங்கான மனிதர்" என்று திரும்பும் வழியில் இரண்டு தரம் சொன்னார்.

நெருப்பு விஷயத்தில் இந்த நாட்டின் தத்துவம் எனக்குப் பிடிபட வருடங்கள் ஆயின. காட்டிலிருந்து நூறு மீட்டருக்குள் ஒரு மெழுகுதிரி ஏற்றினாலும் குற்றம். ஆனால் ஈஸ்டர் வந்தால் ஊர்ச் சனம் வயலில் வீடு உயரத்துக்கு விறகைக் குவிக்கும். தீயணைப்புப் படையே வந்து அதைக் கொளுத்திவிட்டுப் பக்கத்தில் நின்று பியர் குடிக்கும். அதற்குப் பெயர் மரபு நெருப்பு. ஒரு நெருப்பு எப்படி மரபாகிறது என்று ஹெர் புரூக்னரிடம் கேட்டேன்.

"நீண்ட காலமாக எரிந்திருக்க வேண்டும்" என்றார்.

"முதன்முதலில் கொளுத்தியவர் அனுமதி எடுத்திருப்பாரா?"

கொஞ்சம் யோசித்தார். "இல்லை. அவருக்கு அபராதம் விதித்திருக்க வேண்டும்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

எங்கள் சனத்தோடு எனக்கு வேறு பாடு. கோடை வந்தால் வுப்பர்டாலிலிருந்து ஒன்றுகூடல் என்று வான்களில் வந்து இறங்குவார்கள். ஆட்டிறைச்சி, கிடாரம், அகப்பை, பாட்டுப்பெட்டி, எல்லாம் வரும். நெருப்பு மூட்ட ஒதுக்கிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நிழல் காணாது என்று மரங்களுக்குள் அடுப்பை மூட்டிவிடுவார்கள். ஒருமுறை என்னைக் கண்டதும் ஒருவர் ஓடி வந்தார்.

"அண்ணை, நீங்கள் எங்கட ஆள்தானே. கொஞ்சம் மற்றப் பக்கம் பாருங்கோவன்."

மற்றப் பக்கம் பார்த்தேன். அங்கேயும் எங்கட ஆட்கள்தான், அங்கேயும் அடுப்பு. இரண்டு பக்கத்துக்கும் அபராதம் எழுதினேன். பிறகு வந்த கலியாண வீட்டில் எனக்குச் சோறு போட்ட பொடியன், "அண்ணை, சமையலுக்கு அன்ட்ராக் போட்டு, போம் நிரப்பி, அனுமதி எடுத்தாச்சு, பயப்பிடாமச் சாப்பிடுங்கோ" என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. என் மனைவி ராணி மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "சொந்தச் சனத்துக்கே துண்டு எழுதுற மனுசனோட நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இனி ஹொலண்ட் கதைக்கு வருகிறேன்.

எங்கள் காடு ஹொலண்ட் எல்லைவரை போகும். வேலி இல்லை, காவல் இல்லை. முழங்கால் உயரத்தில் எல்லைக் கற்கள் மட்டும் நிற்கும். ஒவ்வொரு கல்லின் தலையிலும் நடுவில் ஒரு கோடு வெட்டியிருக்கும். ஒரு கல்லின் கோட்டிலிருந்து அடுத்த கல்லின் கோட்டுக்கு நேராக இழுத்தால் அதுதான் எல்லை. நான் அந்த வேலைக்கு வந்த புதிதில் ஹெர் புரூக்னர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், கல்லின் தலையில் விரலை வைத்து, "ஓரம் அல்ல, ஹெர் சிவா. கோடு. இரண்டு அரசுகள் சண்டை பிடித்து வெட்டிய கோடு" என்று சொல்லிக் கொடுத்தார்.

எல்லைக்கு அப்பால் சட்டம் கொஞ்சம் வேறு. அந்தக் காலத்தில் ஹொலண்ட்காரர் தங்கள் காடுகளில் சில இடங்களில் கம்பம் நட்டிருந்தார்கள். கம்பத்திலிருந்து பத்து மீட்டருக்குள் கூடாரம் போடலாம். மூன்று கூடாரத்துக்கு மேல் கூடாது, சில நாட்களில் எழும்பிவிட வேண்டும், விறகு நெருப்புக் கூடாது, சின்ன காஸ் அடுப்புக்குத் தடையில்லை. அந்தக் கம்பங்களில் பெரும்பாலானவற்றை இப்போது பிடுங்கிவிட்டார்களாம். சுதந்திரம் அங்கேயும் மேடையேறிவிட்டது போலும்.

அது மழையே காணாத ஒரு கோடை. காட்டுத்தீ அபாயம் உச்சப் படியில் நின்றது. அதற்கு முந்திய கோடையில் எல்லையோரப் பற்றைக்காடு பற்றி எரிந்து, ஒரு வாரம் நாங்கள் வாளியோடும் மண்வெட்டியோடும் அலைந்திருந்தோம். அபாயம் உச்சப் படியில் இருக்கும்போது காட்டுக்குள் நெருப்பைக் கண்டால் நானாக அபராதம் எழுத முடியாது. மேலதிகாரியை அழைக்க வேண்டும். அவர் வந்து பார்த்து, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். அதன் பிறகு அது அபராத விஷயம் அல்ல, குற்ற வழக்கு.

ஒரு சனிக்கிழமை பின்னேரம். வெயில் இன்னும் இறங்கவில்லை. எல்லையோரம் ஜீப்பை மெல்ல விட்டுக்கொண்டு போனபோது புகை மணத்தது. இந்த வேலையில் பலவிதப் புகையை மூக்கு படித்துவிடும்: சொசேஜ் புகை, ஈர விறகுப் புகை, புகைக்கக்கூடாததைப் புகைக்கும் இளைஞர்களின் புகை. ஆனால் இது அடிப்பிடித்த பால். ஜேர்மன் காட்டில் அந்த மணம் என் மூக்குக்கு வந்ததே இல்லை. ஜீப்பை நிறுத்திவிட்டு வாளியோடு ஓடினேன்.

புத்தம் புதிய நீலக் கூடாரம் ஒன்று. அதன் வாசலில் ஒரு மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக்கில். பக்கத்தில் ஒரு கம்பமும் எல்லைக் கல்லும். அந்தக் கல்லோடு ஒட்டி இரண்டு கல் வைத்து, மூன்றாவது அடுப்புக் கல்லாக இரண்டு அரசுகளின் எல்லையையே வைத்து, மேலே ஒரு சின்னப் பாத்திரம். பால் பொங்கி வழிந்து நெருப்பைப் பாதி அணைத்திருந்தது. முன்னால் பட்டுச் சேலையில் ஓர் அம்மா, கும்பிட்ட கையோடு நின்றார். நெற்றியில் திருநீறு.

என் பச்சைச் சட்டையைக் கண்டதும் அவர் திரும்பிக் கத்தினார். "டேய் கார்த்தி, யாரோ போலீஸ் வந்திருக்காங்கடா!"

"பொலிஸ் இல்லை அம்மா, காட்டுக் காவல்" என்றேன்.

"ஐயோ, தமிழா! சிலோனாப்பா நீங்க? நல்ல வேளை, நம்ம ஆளு. உக்காருங்க தம்பி, பால் குடிங்க."

மகன் கார்த்திக் அப்போதுதான் தண்ணீர்க் கானும் காஸ் அடுப்புமாக வாகனத் தரிப்பிடத்திலிருந்து வந்து சேர்ந்தான். முப்பது வயது மதிக்கலாம், மூக்குக்கண்ணாடி, வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. அடுப்பைக் கண்டதும் கையிலிருந்த கானை விட்டுவிட்டான்.

"அம்மா! நெருப்பு மூட்டக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்!"

"நல்ல நேரம் முடியப் போகுதுடா. நீ அடுப்ப எடுத்துட்டு வர்றதுக்குள்ள ராத்திரி ஆயிரும். புது வீட்டுல பால் காய்ச்சாம எப்படிடா படுக்கிறது? கற்பூரம் பையிலயே இருந்துச்சு."

"இது வீடு இல்லம்மா, டென்ட்!"

"ஐரோப்பால நம்ம சொந்த வீடுன்னு போன்ல சொன்னது யாரு? நான் கரூர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அவன் என் பக்கம் திரும்பிப் பையிலிருந்து தாள்களை எடுத்தான். ஹொலண்டின் கூடாரச் சட்டம் முழுவதையும் அச்செடுத்து, மஞ்சள் கோடு போட்டு வைத்திருந்தான். "சார், ரூல்ஸ் எல்லாம் படிச்சிட்டுத்தான் சார் வந்தோம். கம்பத்துல இருந்து டென் மீட்டர்ஸ், டேப் வச்சு அளந்தேன். விறகு நெருப்புக் கூடாதுன்னும் தெரியும், அதான் காஸ் ஸ்டவ். அம்மாதான்..."

"தம்பி, நீங்கள் படிச்சதெல்லாம் சரி. ஆனா இந்தக் கம்பம் அந்தக் கம்பம் இல்லை. எல்லைக் கல்லில வண்டி ஏறாமல் இருக்க எங்கட அலுவலகம் நட்டது. கூடாரம் நிக்கிறது ஜேர்மனியில."

"இல்ல சார், போன்ல 'வெல்கம் டு நெதர்லாண்ட்ஸ்'னு மெசேஜ் வந்துச்சே!"

"இஞ்ச எல்லாருக்கும் வரும். எனக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வரும்."

அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மெல்ல விஷயத்தைச் சொன்னான். அவனுடைய குடியுரிமை மனு முடிவுக்கு வந்திருந்தது. அடுத்த மாதம் சான்றிதழ் வாங்க டெர்மின், அதாவது நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் அம்மாவை அழைத்திருந்தான். குற்ற வழக்கு என்று ஒன்று பதிவானால் அது முடியும்வரை மனு கிடப்பில் கிடக்கும் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சார், ப்ளீஸ் சார். எட்டு வருஷம் சார். ஒரு பார்க்கிங் ஃபைன்கூட வாங்கினதில்ல" என்றான்.

ராணி பிறகு என்னிடம் கேட்டதை முதலே சொல்லிவிடுகிறேன்: "அந்த நேரம் ஃபோனை எடுக்காமல் விட்டால் என்ன, உங்கட கை முறிஞ்சு போயிருக்குமோ?" முறிந்திருக்காது. ஆனால் முந்திய கோடையில் எரிந்த பற்றைக்காடு அங்கிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரியும். அந்த அம்மா கற்பூரம் கொளுத்திய இடத்தில் காய்ந்த பைன் ஊசி கணுக்கால்வரை கிடந்தது. காற்று ஒரு தரம் மாறியிருந்தால் போதும். தமிழர் என்பதற்காக இவர்களை விட்டால், இரவெல்லாம் குடை பிடித்த மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வது? ஹெர் புரூக்னரை அழைத்தேன். மனம் கேட்கவில்லை, கைதான் அழைத்தது.

அவர் வரும்வரை அந்த அம்மா எனக்கு விசிறினார்.

ஹெர் புரூக்னர் வந்தார். மாலை வணக்கம், பெயர், பதவி, பிரிவின் இலக்கம். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். பென்சிலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தார். கிட்ட நின்ற பைன் மரத்துக்குத் தூரம் அளந்தார். அதன் பிறகு நான் தண்ணீர் ஊற்ற அவர் மண்வெட்டியால் கிளறினார்; திரும்ப ஊற்ற, திரும்பக் கிளறினார். சேற்றுக்குள் விரலை விட்டுச் சூடு இல்லை என்று உறுதிப்படுத்தும்வரை நிறுத்தவில்லை. விரலை மணந்து பார்த்தார்.

"இது என்ன?"

"பால்."

"தீயணைப்பதற்கா?"

"இல்லை. பொங்க வைப்பதற்கு. புது வீட்டுக்குள் போகும்போது எங்கள் ஆட்கள் செய்வது. பொங்கி வழிந்தால் அந்த வீட்டில் குறை வராது என்பார்கள்."

"அது எங்கே எழுதியிருக்கிறது?"

அவர் கூடாரத்தைப் பார்த்தார், தோரணத்தைப் பார்த்தார், மணலில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த கார்த்திக்கைப் பார்த்தார். அவனுடைய மஞ்சள் கோடு போட்ட தாள்களை வாங்கி, நின்ற நிலையிலேயே கடைசிப் பக்கம்வரை படித்தார். இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்த ஒருவனை அவர் முன்பு கண்டிருக்க மாட்டார். குடியுரிமை விஷயத்தை நான் சொன்னேன். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பொலிசை அழைக்கக் கைத்தொலைபேசியை எடுத்தார். பிறகு அதைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"முதலில் இடத்தை உறுதிப்படுத்த வேண்டும். ஜீப்பிலிருந்து கயிறு கொண்டு வாருங்கள்."

அந்த இடத்தில் எல்லை வளைவதால் அடுத்த கல் கிட்டத்தான் நின்றது. கயிற்றின் ஒரு முனையை நான் அந்தக் கல்லின் கோட்டில் பிடித்தேன். மறுமுனையை அவர் அடுப்பாகியிருந்த எல்லைக் கல்லில் பிடித்தார். கயிறு விறைத்தது. கூடாரம் ஜேர்மனிக்குள் கிடந்தது. அடுப்புச் சாம்பல் முழுவதும், ஒரு விரற்கடை இடைவெளியில், ஹொலண்டுக்குள் கிடந்தது.

"நெருப்பு எங்கள் நாட்டில் எரியவில்லை" என்று ஹெர் புரூக்னர் அறிவித்தார். "கூடாரத்துக்கு மட்டும் அபராதம். பொலிசுக்கு இதில் வேலை இல்லை. ஹொலண்ட் காவலருக்கு அறிவிக்கிறேன்."

ஹொலண்ட் பக்கத்துக் காவலர், மரைக்கே என்ற பெண், சைக்கிளில் வந்தார். சிரித்த முகம். எல்லைக் கல் கரி பிடித்திருப்பதையும் கயிற்றையும் சேற்றையும் பார்த்தார். கல்லில் கை வைத்தால் இரண்டு தலைநகருக்கும் அறிவிக்க வேண்டும் என்றார். ஹெர் புரூக்னர் தன் கைக்குட்டையை நனைத்துக் கரியைத் துடைத்தார்.

"நெருப்பு எங்கே?" என்று மரைக்கே கேட்டார்.

"அணைத்துவிட்டேன்" என்றார் ஹெர் புரூக்னர்.

"எங்கள் நாட்டுக்குள் வந்தா? ஜேர்மன் மண்வெட்டியோடா? அனுமதி எடுத்தீர்களா?"

ஹெர் புரூக்னர் அப்போதுதான் தலையில் போட்டிருந்த தொப்பியை மீண்டும் கழற்றினார். இம்முறை கோபத்தில் அல்ல. "இதை எழுத வேண்டும்" என்றார் தாழ்ந்த குரலில். தன்மீதே குற்றம் எழுத அவர் ஆயத்தமாகத்தான் இருந்தார். அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

"நீங்கள் எழுதினால் நானும் எழுத வேண்டும். எனக்கு இது சாப்பாட்டு நேரம்" என்றார் மரைக்கே. "நான் கண்டது சேறு. சேற்றுக்கு எங்களிடம் சட்டம் இல்லை." அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, இனிமேல் இப்படிச் செய்யக்கூடாது என்று விரலை ஆட்டினார். அம்மாவும் சிரித்துக்கொண்டு திரும்ப விரலை ஆட்டினார். இரண்டு நாடுகளின் விசாரணையும் அத்தோடு முடிந்தது.

கார்த்திக் அழுதுவிட்டான். அம்மா அதைக் கவனிக்கவில்லை. மிஞ்சிய பாலில் சீனி போட்டு, காகிதக் கோப்பைகளில் ஊற்றி எல்லோருக்கும் நீட்டினார். "பால் காய்ச்சின வீட்டுல குடிக்காம போகக் கூடாது. அந்த நெட்டை ஐயாகிட்ட சொல்லுங்க தம்பி."

சொன்னேன். ஜேர்மனியில் கடமையில் இருக்கும் அரச ஊழியர் பொதுமக்களிடம் ஒன்றும் வாங்கக்கூடாது. அது எழுதியே இருக்கிறது. ஹெர் புரூக்னர் கோப்பையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். தொப்பியை என்னிடம் தந்தார். நீண்ட காலைத் தூக்கிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைத்து, ஹொலண்டில் நின்றுகொண்டு, அந்தப் பாலைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜேர்மனிக்குத் திரும்பிக் கூடாரத்துக்கான அபராதத்தை எழுதினார். சீனி போதுமா என்று கேட்கச் சொன்னார் அம்மா. கொஞ்சம் அதிகம் என்றார் அவர்.

கார்த்திக்குச் சான்றிதழ் குறித்த நாளில் கிடைத்தது. பிறகு வால்டோர்ஃபில் உண்மையான வீடே வாங்கி, உண்மையான அடுப்பில் பால் காய்ச்சினான். பொங்கி வழிந்த பாத்திரத்தின் படம் எனக்கு வந்தது. அதைக் காட்டியபோது ராணி, "பரவாயில்லை, உங்கட ஆளுக்கும் மனசு இருக்கு" என்றாள். 'உங்கட ஆள்' என்று அவள் சொன்னது ஹெர் புரூக்னரை.

அவர் எனக்கு முதலே ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் அவருடைய மனைவி இறந்துபோனார். செத்தவீட்டில் என் கையை நெடுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய வீட்டில் தனியே இருக்க முடியாமல் இந்த வசந்தத்தில் ஒரு சின்ன அறைக்கு மாறினார். மாறிய அன்று காலை என் தொலைபேசி அடித்தது.

"ஹெர் சிவா, பெட்டிகள் வந்துவிட்டன. அடுப்பு வேலை செய்கிறது. பால் வாங்கி வைத்திருக்கிறேன். எந்தப் பக்கமாக வழிய வேண்டும்?"

"கிழக்குப் பக்கம் வழிந்தால் நல்லது என்பார்கள். எந்தப் பக்கம் வழிந்தாலும் நல்லதுதான்."

"இது எங்கேயும் எழுதியிருக்கிறதா?"

"இல்லை, ஹெர் புரூக்னர். பொங்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருங்கள்."

தொலைபேசியை வைக்காமல் நின்றார். நானும் வைக்கவில்லை. அடுப்பின் இரைச்சல் கேட்டது. நானும் ஓய்வு பெற்றவன்தானே, இனி யாருக்குப் பயம் என்று அத்தனை வருடம் வாய்க்குள் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்றைக்கு நான் கயிற்றைக் கல்லின் கோட்டில்தான் பிடித்தேன். நீங்கள் உங்கள் முனையைக் கல்லின் ஓரத்தில் பிடித்திருந்தீர்கள். ஜேர்மனிப் பக்கத்து ஓரத்தில். கோட்டில் பிடித்திருந்தால் சாம்பல் நம் பக்கம் கிடந்திருக்கும். நான் பார்த்தேன்."

மறுமுனையில் பால் பொங்கி அடுப்பில் விழும் 'சுர்ர்' என்ற ஒலி கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, ஹெர் புரூக்னர் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அது எங்கே எழுதியிருக்கிறது, ஹெர் சிவா?"